வீட்டுப் பட்டறையில் அலுமினியம் வெல்டிங்: டிக், மிக் செய்முறை

இரும்பு சூடேறும்போது நிறம் மாறி எச்சரிக்கும். முதலில் மங்கிய சிவப்பு, அடுத்து செம்மஞ்சள், அப்புறம்தான் உருகும். அலுமினியம் அப்படி எந்த அடையாளமும் காட்டாது. கடைசி நொடிவரை வெள்ளையாகவே இருந்துவிட்டுச் சட்டென்று இளகித் தொங்கிவிடும். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். கலப்புலோகங்கள் அதற்குச் சற்று முன்பே இளகத் தொடங்கும். இரும்பில் நல்ல கை உள்ளவர்கள்கூட முதல் நாள் தகட்டை ஓட்டையாக்குவது இதனால்தான்.

இந்த உலோகத்தின் மூன்று குணங்களைப் புரிந்துகொண்டால் கீழே வரும் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் தானே விளங்கும்.

முதலாவது, ஆக்சைடு படலம். அலுமினியத்தைச் சுரண்டிய கணத்திலேயே காற்று பட்டு அதன்மேல் மெல்லிய படலம் உருவாகிவிடும். அந்தப் படலம் உருக ஏறத்தாழ 2,050 டிகிரி வேண்டும். ஆகவே அடியில் உலோகம் உருகித் தண்ணீராக இருக்கும்போதும் மேலே பாலாடை போல அது மூடிக்கொண்டிருக்கும். அப்போது நிரப்பும் கம்பியை (பில்லர்) நீட்டினால் கலக்காது. உருண்டையாக மேலே உட்காரும்.

இரண்டாவது, வெப்பம் ஓடும் வேகம். சாதாரண இரும்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும். வேலையைத் தொடங்கும் இடத்தில் சூடு போதாது, முடிக்கும் இடத்தில் சூடு அதிகம். ஒரே ஆம்பில் வைத்துக்கொண்டு ஒரே வேகத்தில் போனால் தொடக்கம் ஒட்டாமலும் முடிவு ஓட்டையாகவும் இருக்கும்.

மூன்றாவது, ஹைட்ரஜன். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது ஏறக்குறைய முழுவதையும் வெளியே தள்ளும். வெளியேற நேரம் இல்லாத வாயு ஊசித்துளைகளாக உள்ளேயே சிக்கிவிடும். ஈரம், எண்ணெய், கைரேகை, பழைய ஆக்சைடு உறிஞ்சி வைத்திருக்கும் தண்ணீர், இவை எல்லாம் ஹைட்ரஜனின் ஊற்றுகள்.

அலுமினிய வெல்டிங்கில் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பகுதி ஆர்க் (மின்வில்) பற்றுவதற்கு முன்பே கெட்டுப்போனவை. அதனால் இந்தக் குறிப்பில் சுத்தம் செய்வதற்கே கூடுதல் இடம்.

எந்த மெஷின்

டிக் என்பது உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் மூட்டி, கம்பியைக் கையால் கொடுக்கும் முறை. மிக்கில் மெஷினே கம்பியைத் தொடர்ந்து தள்ளும், அந்தக் கம்பியே ஆர்க் முனையாகி உருகும். இரண்டிலும் கேஸ் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கும். டிக் மெஷின் வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு, டிசி மட்டும் தரும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வாங்கிவிடுவது. இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் அது போதும். அலுமினியத்துக்கு ஏசி கட்டாயம். ஏசியில் மின்னோட்டம் நொடிக்குப் பல முறை திசை மாறும். டங்ஸ்டன் நேர்மின் முனையாக இருக்கும் பகுதியில் ஆக்சைடு படலம் உடைந்து விலகும். எதிர்மின் முனையாக இருக்கும் பகுதியில் வெப்பம் தகட்டுக்குள் இறங்கும். டங்ஸ்டனை எதிர்மின்னில் மட்டும் வைத்து ஆர்கானில் ஓட்டினால் படலம் அப்படியே நிற்கும். நேர்மின்னில் மட்டும் வைத்தால் வெப்பத்தின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்கே போய் அதன் முனை உருகி விழும்.

மிக் மெஷினில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கம்பி எப்படியும் உருகத்தான் வேண்டும் என்பதால் முழு நேரமும் நேர்மின்னிலேயே ஓட்டலாம், படலமும் தொடர்ந்து உடைந்துகொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கேஸ் இல்லாத பிளக்ஸ் கம்பிக்காக மெஷினை முன்பு மாற்றியிருந்தால் துருவம் தலைகீழாக இருக்கும். டார்ச் (கையில் பிடித்து வெல்டு செய்யும் கைப்பிடி) நேர்மின்னிலும் எர்த் எதிர்மின்னிலும் இருக்க வேண்டும்.

3 மி.மீ.க்குக் குறைந்த தகடு, சிறு பழுது, பார்வைக்குத் தெரியும் ஜாயின்ட் என்றால் டிக். 3 மி.மீ.க்கு மேல், நீளமான வேலை என்றால் மிக். பல்ஸ் வசதி (மின்னோட்டத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுப்பது) இல்லாத மிக்கில் 2 மி.மீ. தகட்டைத் தொடுவது வீண் முயற்சி.

மெஷினின் பெயர்த்தகட்டில் ‘200 ஆம்ப், 30 சதவீதம்’ என்று இருந்தால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம்தான் அந்த ஆம்பில் ஓட்டலாம். மீதி ஏழு நிமிடம் ஓய்வு. அலுமினியம் அதிக ஆம்ப் கேட்கும் உலோகம் என்பதால் இந்த வரி முக்கியம். 200 ஆம்ப் டிக் மெஷினில் 5 மி.மீ. வரை வசதியாகச் செய்யலாம். 6 மி.மீ. என்றால் முன்சூடு கொடுக்க வேண்டியிருக்கும்.

கேஸ் சுத்த ஆர்கான்தான், டிக்குக்கும் மிக்குக்கும். இரும்பு மிக்குக்கு வைத்திருக்கும் ஆர்கான்–கார்பன் டை ஆக்சைடு கலவையை இங்கே மாட்டினால் வெல்டு கறுத்துப் பொரிந்து போகும். சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் சுமார் 1,500 லிட்டர் கேஸ். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம்.

கையில் இருப்பது எந்த அலுமினியம்

கடையில் வாங்கிய தகட்டில் கலப்புலோகத்தின் எண் அச்சிட்டிருக்கும். பழைய சரக்கு என்றால் ஊகிக்க வேண்டும். அச்சில் தள்ளி எடுத்த சட்டம், குழாய், கோணம் பெரும்பாலும் 6063 அல்லது 6061. வளைத்துச் செய்த தகட்டு வேலை பெரும்பாலும் 3003 அல்லது 5052. வார்ப்புகளில் சிலிக்கான் கலந்திருக்கும். கனமாகத் தோன்றும் வார்ப்பு துத்தநாகமாக இருக்கலாம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, துத்தநாகத்துக்கு ஏறத்தாழ 7. மிக லேசாக இருந்தால் மெக்னீசியமா என்று பாருங்கள். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மெக்னீசியம் என்று தெரிந்தால் அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதன் தூளும் சீவலும் தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது.

7075, 2024 இரண்டும் வலிமைக்குப் பேர்போனவை. ஆனால் ஆர்க் வெல்டிங்கில் விரிசல் விடும். உடனே விடாவிட்டாலும் பிறகு சுமையில் விடும். அவற்றை நட்டு போல்ட்டிலோ ரிவெட்டிலோ இணையுங்கள்.

கம்பியில் இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் வீட்டு வேலை அனேகமாக முடிந்துவிடும். 4043 கம்பியில் சுமார் 5 சதவீதம் சிலிக்கான். நன்றாக ஓடும், விரிசல் குறைவு, வெல்டு பளபளப்பாக இருக்கும். 5356 கம்பியில் சுமார் 5 சதவீதம் மெக்னீசியம். வலிமையும் விறைப்பும் கூடுதல். 6061, 6063 இரண்டுக்கும் எதுவும் பொருந்தும். 3003க்கும் வார்ப்புக்கும் 4043. 5052க்கு 5356. மெக்னீசியம் அதிகமுள்ள 5083 போன்றவற்றில் 4043ஐப் போட்டால் வெல்டு நொறுங்கும் தன்மை பெறும். பிறகு ஆனோடைஸ் (மின்சாரத்தால் தடித்த ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) செய்யப் போகிறீர்கள் என்றால் 5356தான். 4043 இட்ட வெல்டு வரி கருஞ்சாம்பலாகத் தனித்துத் தெரியும். பொருள் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்குமானால் 5356 வேண்டாம், 4043 போடுங்கள்.

6061, 6063இல் கம்பி சேர்க்காமல் வெறுமே உருக்கி இணைக்க முயல வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். ஆறும்போதே நடுவில் கீறிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 6061-டி6 தகட்டின் வலிமை வெப்பப்பதத்தால் வந்தது. வெல்டின் இருபுறமும் சுமார் 25 மி.மீ. வரை அந்தப் பதம் போய்விடும். 310 மெகாபாஸ்கல் இழுவலிமை 170, 180 அளவுக்கு இறங்கிவிடும். வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இது மாறாது. ஆகவே சைக்கிள் பிரேம், வாகனச் சக்கரம், சஸ்பென்ஷன் பாகம், அழுத்தக் கலன் ஆகியவற்றை வீட்டில் பற்றவைக்காதீர்கள். உடைந்தால் உயிர் போகும் இடங்கள் அவை.

சுத்தம்

வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய் நீக்கம், பிறகுதான் பிரஷ். மாற்றிச் செய்தால் பிரஷ் முட்கள் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றிவிடும், அந்தப் பிரஷும் கெட்டுவிடும்.

அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஜாயின்ட்டின் இருபுறமும் 25 மி.மீ. அகலத்துக்குத் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரைக்கும் புதுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் துடைக்க வேண்டும். பின்பக்கத்தையும் வெட்டிய விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. அடியில் இருக்கும் அழுக்கை உருகிய உலோகக் குட்டை மேலே இழுத்துக்கொள்ளும். பில்லர் கம்பியையும் துடையுங்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்த புதுக் கம்பியாக இருந்தாலும் துணியில் சாம்பல் நிறக் கோடு விழுவதைப் பார்க்கலாம்.

பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பல வகைகளில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. ஆர்க்கின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். மிகச் சிறு அளவே நுரையீரலைச் சிதைத்துவிடும். அசிட்டோன் முழுவதும் ஆவியாகிப் போன பிறகே ஆர்க்கைத் தொடங்குங்கள். டப்பாவை மூடி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

அடுத்து ஸ்டெயின்லெஸ் முள் பிரஷ், அலுமினியத்துக்கென்றே தனியாக ஒன்று. இரும்பில் ஒருமுறை தேய்த்த பிரஷை இங்கே கொண்டுவந்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும். கையால், லேசான அழுத்தத்தில், ஒரே திசையில் தேய்த்தால் போதும். கிரைண்டரில் மாட்டிய சுழல் பிரஷ் உலோகத்தை இழுத்துப் பூசிப் படலத்தை அடியில் புதைத்துவிடும். தேய்த்த அன்றைக்கே, முடிந்தால் ஒரு சில மணி நேரத்துக்குள், வெல்டு செய்துவிடுங்கள்.

ஆனோடைஸ் செய்த பொருள் என்றால் பிரஷ் போதாது. அந்தப் பூச்சு தடித்த ஆக்சைடுதான், மின்சாரத்தையும் கடத்தாது. வெல்டு வரும் இடத்திலும் எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்திலும் அரத்தாலோ பிளாப் டிஸ்க்காலோ முழுவதும் எடுக்க வேண்டும். சாதாரண அரைக்கும் கல் அலுமினியத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்த கல் சூடேறி உடையக்கூடும், அதன் துகளும் உலோகத்தில் பதியும். அலுமினியத்துக்கென்று விற்கும் டிஸ்க்கை வாங்குங்கள்.

குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும். ஹீட் கன்னால் கை தாங்கும் சூட்டுக்குச் சற்று மேல் ஏற்றினால் போய்விடும். தடித்த பொருளுக்கு முன்சூடு 100 டிகிரி அளவு போதும். 120ஐத் தாண்ட வேண்டாம். நிறம் மாறாத உலோகம் என்பதால் வெப்பமானி அல்லது வெப்பம் காட்டும் கிரேயான் வைத்து அளவெடுப்பதே சரி.

டிக்: அளவுகள்

டங்ஸ்டனில் 2 சதவீத லாந்தனம் கலந்த நீல முனை வகையை வாங்குங்கள். தோரியம் கலந்த சிவப்பு முனை கதிரியக்கம் உள்ளது. அதைத் தீட்டும் தூசியைச் சுவாசிப்பது கூடாது. இன்வெர்ட்டர் மெஷினுக்குப் பச்சை முனை சுத்த டங்ஸ்டன் தேவையில்லை. 2.4 மி.மீ. தடிமன் ஏறத்தாழ எல்லா வீட்டு வேலைக்கும் போதும். 60 ஆம்புக்குக் கீழே மட்டும் 1.6 மி.மீ.க்கு மாறுங்கள். நீளவாக்கில் தீட்டி நுனியைச் சற்று மழுக்குங்கள். ஏசியில் நுனி தானே சின்னதாக உருண்டுகொள்ளும், அது சரியே. டங்ஸ்டனின் தடிமனைவிடப் பெரிய குண்டாக உருண்டால் ஏதோ தவறு.

டார்ச் முனையில் 7 அல்லது 8 எண் பீங்கான் கப், உள்ளே கேஸைச் சீராகப் பரப்பும் வலையான கேஸ் லென்ஸ் இருந்தால் நல்லது. ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். அதைவிடக் கூட்டினால் பாதுகாப்பு கூடாது. ஓட்டம் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

ஆம்புக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு மி.மீ. தடிமனுக்கு 40 ஆம்ப். நுணுக்கமாக வேண்டுமானால்:

1.5 மி.மீ. தகடு: 50–70 ஆம்ப், 1.6 மி.மீ. கம்பி
2 மி.மீ.: 75–95 ஆம்ப், 1.6 மி.மீ. கம்பி
3 மி.மீ.: 110–140 ஆம்ப், 2.4 மி.மீ. கம்பி
5 மி.மீ.: 170–200 ஆம்ப், 2.4 அல்லது 3.2 மி.மீ. கம்பி

காற்றால் குளிரும் சிறு டார்ச்கள் கடைசி வரியைத் தாங்காது. கையுறையைத் தாண்டிச் சுடும்.

ஏசியில் நேர்மின், எதிர்மின் பங்கைப் பிரிக்கும் பேலன்ஸ் குமிழில் குழப்பம் வரும். சில மெஷின்கள் எதிர்மின் பங்கைக் காட்டும், சில சுத்தம் செய்யும் நேர்மின் பங்கைக் காட்டும். முதல் வகையில் 70இல் வையுங்கள். இரண்டாவது வகையில் 30 என்பது அதே இடம். குட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் சுத்தம் செய்யும் பங்கைச் சற்றுக் கூட்டுங்கள். வெல்டின் இருபுறமும் அகலமாக வெளுத்து டங்ஸ்டனும் குண்டாகிக்கொண்டே போனால் குறைத்துவிடுங்கள். சுத்தம் செய்யாத தகட்டை இந்தக் குமிழால் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்கள் டங்ஸ்டனைத்தான் இழப்பார்கள்.

அதிர்வெண் 100 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். மூலை ஜாயின்ட்டில் ஆர்க் இரு பக்கமும் அலைந்தால் 120க்கு ஏற்றலாம்; ஆர்க் குவியும். கேஸ் பின்னோட்டம் (ஆர்க் அணைந்த பின்னும் கேஸ் ஓடும் நேரம்) பத்து ஆம்புக்கு ஒரு நொடி என்ற கணக்கில். 120 ஆம்பில் 12 நொடி வரை டார்ச்சை முடிந்த இடத்திலேயே அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஆறிய டங்ஸ்டன் வெள்ளிபோல் மின்னினால் கேஸ் சரி. நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால் பின்னோட்டம் போதவில்லை அல்லது எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

ஆம்பைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல் இல்லாமல் அலுமினியம் பழகுவது மிகக் கடினம். மெஷினோடு வராவிட்டால் தனியாக வாங்கிவிடுங்கள்.

டிக்: கை வேலை

3 மி.மீ. தகடுகள் இரண்டை இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்து, இரு முனையிலும் டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு) போட்டு, நடுவில் 30, 40 மி.மீ.க்கு ஒன்று போடுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்புக்குப் போடுகிற மாதிரி தள்ளித் தள்ளி டேக் போட்டால் பாதி வழியில் தகடுகள் வாய் பிளக்கும். 5 மி.மீ.க்கு மேல் என்றால் விளிம்புகளைச் சாய்த்து, இரண்டும் சேரும்போது 60 முதல் 90 டிகிரிப் பள்ளம் வருமாறு தீட்டுங்கள்.

டார்ச்சைச் செங்குத்திலிருந்து 15 டிகிரி பின்சாய்த்து, டங்ஸ்டன் நுனி தகட்டுக்கு மேலே 2, 3 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். பெடலை நன்றாக அழுத்துங்கள். மெல்ல மெல்ல ஏற்றினால் சூடு தகடு முழுக்கப் பரவி எல்லாம் ஒன்றாக இளகும். ஆம்பைத் தாராளமாகக் கொடுத்துக் குட்டையைச் சீக்கிரம் உருவாக்குவதே நல்லது.

இப்போது கண் இருக்க வேண்டிய இடம் நுனிக்கு நேர்கீழே. முதலில் தகடு வெளுத்து மங்கலான வட்டம் தெரியும். அது ஆக்சைடு உரியும் பகுதி. ஓரிரு நொடியில் வட்டத்தின் நடுவே ஒரு வியர்வைப் பளபளப்பு தோன்றும். கம்பியை நீட்ட அது நேரமல்ல. இன்னும் சற்றுப் பொறுத்தால் பளபளப்பு சட்டென்று விரிந்து, பாதரசம் தேங்கியதுபோல் விளிம்பு தெளிவான குட்டையாகும். லேசாக நடுங்கும், இரண்டு தகட்டின் ஓரங்களும் அதற்குள் கரைந்து ஒன்றாகும். இந்த நொடியில் கம்பியைக் குட்டையின் முன் விளிம்பில் தொட்டு எடுங்கள். குட்டையே கம்பி நுனியை உறிஞ்சிக்கொள்ளும். ஆர்க்குக்குள் நீட்டினால் கம்பி குட்டையைத் தொடும் முன்பே உருண்டு சொட்டும். தொட்டு எடுத்த பின் கம்பியைப் பின்னால் இழுத்தாலும் நுனி ஆர்கான் போர்வைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போனால் ஆக்சைடு பூசிக்கொண்டு திரும்பி வரும்.

நகர்த்து, தொடு, நகர்த்து, தொடு. ஒவ்வொரு நகர்வும் 2, 3 மி.மீ. தகடு சூடேற ஏறக் குட்டை அகலும். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். 120 ஆம்பில் தொடங்கிய வரி 90இல் முடிவது சகஜம். குட்டையின் நடு குழிந்து பளபளப்பு மங்கினால் ஓட்டை விழ ஒரு நொடிதான் இருக்கிறது. பெடலை விட்டு ஒரு சொட்டுக் கம்பி கொடுங்கள், குளிரும்.

முடிக்கும் இடத்தில் அவசரம் கூடாது. ஆர்க்கைத் திடீரென்று அறுத்தால் குழி விழும், அதன் நடுவில் நட்சத்திரம்போல் விரிசல் விடும். உறையும்போது அலுமினியம் கன அளவில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குவதே காரணம். பெடலை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே இரண்டு மூன்று சொட்டு கூடுதலாகக் கொடுத்துக் குழியை மேடாக்கிவிட்டு நிறுத்துங்கள்.

டங்ஸ்டன் குட்டையைத் தொட்டுவிட்டால் தொடராதீர்கள். நுனியில் அலுமினியம் ஒட்டி ஆர்க் சிதறும், கரி படியும். நிறுத்தி, டங்ஸ்டனை மீண்டும் தீட்டி, தகட்டில் கறுத்த இடத்தையும் சுரண்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மிக்: கம்பி ஓட்டமே பாதி வேலை

அலுமினியக் கம்பி மெத்தென்று இருக்கும். இரும்புக் கம்பிக்கென்று செய்த ரோலரும் (கம்பியைத் தள்ளும் உருளை) லைனரும் (கம்பி ஓடும் உள்குழாய்) அதை நசுக்கும், சீவும், நடுவில் மடக்கும். மெஷினுக்குள் ரோலரருகே கம்பி குருவிக்கூடுபோல் சுருண்டு நிற்பது இதில் அன்றாடத் தொல்லை. தப்பிக்க இரண்டு வழி: அரை கிலோ சுருளை டார்ச்சிலேயே மாட்டும் ஸ்பூல் கன், அல்லது இருக்கும் டார்ச்சை மாற்றியமைப்பது.

மாற்றியமைப்பதானால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டாலும் சிக்கும். ரோலரில் பள்ளம் அரைவட்டமாக இருக்க வேண்டும். கூர்ப்பள்ளம் கம்பியைச் சப்பையாக்கும், பல் வெட்டிய ரோலர் தூளாக்கும். சுருள் எஃகு லைனருக்குப் பதில் டெப்லான் லைனர், ரோலருக்கு மிக அருகிலிருந்தே தொடங்கும்படி. டார்ச் கேபிள் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். வேலை செய்யும்போது நேராகக் கிடக்கட்டும். சூட்டில் அலுமினியம் விரிவதால், டார்ச் நுனியில் கம்பி வெளிவரும் டிப்பின் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கென்று குறித்த டிப் கிடைக்காவிட்டால் 1.0 மி.மீ. கம்பிக்கு 1.2 மி.மீ. டிப்பை மாட்டலாம்.

ரோலர் இறுக்கம் குறைவாக. மரக்கட்டையில் கம்பியை 25 மி.மீ. தூரத்திலிருந்து சாய்வாக மோதவிட்டுப் பாருங்கள்: வளைந்து சுருண்டு வர வேண்டும். முழுவதும் தடுத்தால் ரோலர் வழுக்க வேண்டும், கம்பி மடங்கக் கூடாது. சுருளின் பிரேக்கும் தளர்வாக இருக்கட்டும். சுருள் தானாக ஓடாமல் நின்றால் போதும். இந்த வேலைக்கு 5356 கம்பி விறைப்பாக இருப்பதால் 4043ஐவிட நன்றாக ஓடும்; பழகுகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

3 மி.மீ. தகட்டுக்கு 0.9 அல்லது 1.0 மி.மீ. கம்பி, 110–130 ஆம்ப், 20–22 வோல்ட். 6 மி.மீ.க்கு 1.2 மி.மீ. கம்பி, 170–200 ஆம்ப், 23–25 வோல்ட். ஆர்கான் 14 முதல் 18 லிட்டர். டிப்பிலிருந்து தகட்டுக்கு 15–20 மி.மீ. கம்பி வேகம் இரும்புக்கு வைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும். வேகம் போதாவிட்டால் கம்பி பின்னோக்கி எரிந்து டிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சற்றுக் கூடுதலில் தொடங்கிக் குறைத்து வாருங்கள்.

டார்ச்சை எப்போதும் தள்ளியே செல்லுங்கள், 10–15 டிகிரி சாய்வில். இழுத்தால் ஆர்கான் பின்தங்கும், படலம் உடையாது, வரி முழுக்கக் கரி. இரும்பில் கேட்டுப் பழகிய படபடவென்ற பொரியும் சத்தம் இங்கே கேட்கக் கூடாது. ஒரே சீராகச் சீறும் ஓசை வந்தால் கம்பி நுண்துளிகளாகப் பாய்கிறது என்று பொருள். வேகம் இரும்பைவிட அதிகம். தகடு சூடேற ஏற இன்னும் வேகமாக நகர வேண்டும். முதல் 20 மி.மீ. குளிர்ந்த தகட்டில் ஒட்டாமல் மேலே படிந்திருக்கும். அதனால் வேறொரு துண்டு அலுமினியத்தை முனையில் டேக் போட்டு அதன்மேல் தொடங்குங்கள், முடிந்ததும் வெட்டிவிடலாம். முடிவில் 20 மி.மீ. பின்னோக்கி வந்து நிறுத்தினால் குழி நிரம்பும்.

வேலை முடிந்தால் சுருளை மெஷினிலேயே திறந்து விடாதீர்கள். எடுத்து உறையில் கட்டி, ஈரம் உறிஞ்சும் சிறு பாக்கெட்டோடு வையுங்கள். ஒரு மாதம் தூசியும் ஈரமும் பட்ட கம்பியை எவ்வளவு நல்ல கேஸும் காப்பாற்றாது.

தவறு தெரியும் விதம்

ஊசித்துளைகள் வரி முழுக்கச் சீராக இருந்தால் கேஸ் அல்லது ஈரம்; ஓரிரண்டு இடத்தில் மட்டும் கொத்தாக இருந்தால் அழுக்கு அல்லது காற்றடித்த கணம். மின்விசிறியும் திறந்த கதவும் போதும் ஆர்கானைக் கலைக்க. நடுவில் நீளவாக்கில் விரிசல் என்றால் கம்பி போதவில்லை அல்லது கம்பியின் எண் தவறு. வரி குழிவாக இருந்தாலும் விடும், சற்றுப் புடைப்பாக வையுங்கள். 5356 கம்பியில் வரியின் ஓரத்தில் லேசான கரி படிவது மெக்னீசியம் ஆவியானதால். துணியால் துடைத்தால் போகும், அடியில் பளிச்சென்று இருந்தால் கவலை வேண்டாம். துடைத்தும் அடியில் சாம்பலாகச் சொரசொரப்பாக இருந்தால் கேஸ் சேரவில்லை.

எண்ணெய் ஊறிய பழைய வார்ப்பில் முதல் வரி நிச்சயம் பொரியும். அதை முழுவதும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் எண்ணெய் வெளியேறும்.

கண், தோல், மூச்சு

பளபளப்பான தகடு புற ஊதாக் கதிரை முகத்துக்கும் கழுத்துக்கும் திருப்பி அடிக்கும். தலைக்கவசத்தின் கண்ணாடி டிக்குக்கு 10 முதல் 12 எண், மிக்குக்கு 11 முதல் 13. கழுத்துப் பட்டன் வரை மூடிய பருத்தி அல்லது தோல் சட்டை போடுங்கள். அலுமினிய மிக் ஆர்க் ஓசோனை நிறைய உண்டாக்கும். தொண்டை எரிந்தால் அதுதான். புகையை மேலே இழுக்கும் விசிறியை ஆர்க்கிலிருந்து தள்ளி வைத்தால் கேஸும் கலையாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, வாசனையும் கிடையாது. தாழ்ந்த குழி, மூடிய அறை, தொட்டிக்குள் அது தேங்கினால் மூச்சுத் திணறும் முன்பே மயக்கம் வந்துவிடும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வையுங்கள். பெட்ரோல் இருந்த தொட்டியைக் காலியாக்கிக் கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் தொடவே கூடாது.

இரும்பு அரைத்த தூசியோடு அலுமினியத் தூளைக் கலக்கவிடாதீர்கள். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவையில் பொறி பட்டால் கட்டுக்கடங்காமல் எரியும். முடித்த துண்டின் மேல் சாக்பீஸால் ‘சூடு’ என்று எழுதிவிடுங்கள். 400 டிகிரியில் இருக்கும் அலுமினியமும் ஆறிய அலுமினியமும் பார்வைக்கு ஒன்றுதான்.

உடைத்துப் பார்ப்பது

உண்மையான பொருளில் கை வைக்கும் முன் அதே தடிமனில் அதே கலப்புலோகத்தில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றின் மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்யுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சுத்தியலால் சாயுங்கள். வெல்டின் அடிவேர் பிளந்து உடையும். உடைந்த முகம் முழுக்கச் சாம்பல் மணிமணியாக இருந்தால் ஊடுருவல் சரி. மூலையோரத்தில் தகட்டின் பழைய விளிம்பு மழுங்காமல் நேர்கோடாகத் தெரிந்தால் அங்கே உருகவே இல்லை. 10 ஆம்ப் கூட்டி மறுபடி செய்யுங்கள். பளபளப்பான உருண்டைக் குழிகள் தெரிந்தால் சுத்தத்துக்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றுங்கள். உடைத்த துண்டின் மேல் ஆம்ப், கேஸ் அளவு, கம்பியின் எண் மூன்றையும் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுங்கள்.